மலைநாட்டுப் பயணமும் மணவாழ்வும்

கலியாணம் முடிந்து, பெண்வீட்டு விருந்து முடிந்து, உறவினர் வீட்டு அழைப்புகளும் ஒருவாறு முடிந்த பின், புது மணமக்கள் இருவரும் “நாலு நாளைக்கு நுவரெலியாப் பக்கம் போய் வருகிறோம்” என்று சொல்லும்போது வீட்டில் ஒரு சிறு மௌனம் விழுவதுண்டு. சிலாபம், முன்னேஸ்வரம் பகுதிகளிலுள்ள நமது கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவும் இதை அறியும். மாமியார் வேண்டாம் என்று சொல்லமாட்டார். “வேறு யார் போறாங்க?” என்று மட்டும் கேட்பார். “நாங்க ரெண்டு பேரும்தான், மாமி” என்று மருமகள் பதில் சொன்னதும், கேட்டவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். செலவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். முதலில் மனதில் தைப்பது அந்த “ரெண்டு பேரும்தான்” என்ற சொல்.

இது ஒரு சில்லறை விடயம் போலத் தோன்றலாம். பத்திரிகையில் எழுதுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்றும் சிலர் கேட்கலாம். ஆனால் இதற்குள் கிறிஸ்தவ மணவாழ்வு பற்றிய உண்மையான கேள்வியொன்று அடங்கியிருக்கிறது. கணவனும் மனைவியும் வேலையிலிருந்து விலகி ஒருவருக்கொருவர் கொடுக்கும் நேரம் அவர்களுடைய கடமையா, அல்லது வசதி படைத்தவர்கள் காசு கொடுத்து வாங்கும் ஆடம்பரமா? இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் மறைந்து நிற்கிறது. அதைக் காண முதலில் மலைக்கு ஏறியாக வேண்டும்.

நமது மூத்தவர்கள் பயணம் அறியாதவர்கள் அல்லர். கற்பிட்டிக் குடாநாட்டில், கடலின் இரைச்சல் கேட்கும் மணலில் நிற்கும் தலவில் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு அவர்கள் குடும்பம் குடும்பமாய்ப் போனார்கள். மாட்டு வண்டியிலும், பின்னர் லொறியிலும் பானை சட்டி, பாய், கிடுகு எல்லாம் ஏற்றிக்கொண்டு போய், கொட்டில் போட்டுச் சமைத்து, நாட்கணக்கில் தங்கினார்கள். மடுத் திருப்பதிக்குக் காட்டு வழியே போனார்கள். செபமாலையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. கடற்காற்றையும் காட்டு நிழலையும் அவர்களும் மனமார அனுபவித்தார்கள். நேர்த்திக்கடன் என்ற பெயர் அந்த இன்பத்துக்கு ஒரு மரியாதையைக் கொடுத்தது. ஆகையால் ‘எங்கள் காலத்தில் இப்படி ஊர் சுற்றியதில்லை’ என்று ஒருவர் சொன்னால், அவர் தலவிலை மறந்துவிட்டார் என்றுதான் கொள்ள வேண்டும்.

ஒரு வேறுபாடு மட்டும் உண்மை. அந்தப் பயணங்களில் கணவன் ஆண்களோடு இருந்தான். மனைவி பெண்களோடு அடுப்பின் முன் இருந்தாள். இருவரும் ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்பினாலும், தனியே பேசிக்கொண்ட சொற்களை விரல்விட்டு எண்ணலாம். குடும்பம் பயணம் போனது; தம்பதி போகவில்லை. இன்றைய இளையோர் கேட்பது அந்த இரண்டாவதையே.

அவர்களுடைய அன்றாட வாழ்வை அருகிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த வேண்டுகோள் விளங்கும். முன்னேஸ்வரத்தில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். கணவன் சிலாபம் மீன் சந்தையில் வேலை செய்கிறான். இருட்டோடு எழுந்து போக வேண்டும். மனைவி கார்மன்ட் ஒன்றில் தைக்கிறாள். அவளை ஏற்றும் பஸ் காலையில் வரும், மாலை மங்கும் நேரத்தில் கொண்டுவந்து விடும். அவன் வீட்டுக்கு வரும்போது அவள் இல்லை. அவள் வந்து சேரும்போது அவனுக்குக் கண் சொக்குகிறது. அந்த வீட்டில் பெற்றோரும் படிக்கும் தம்பி தங்கையரும் இருக்கிறார்கள். இருவருக்கும் சேர்ந்து கிடைக்கும் சொற்ப நேரத்தில் மின்சாரப் பட்டியலும், சீட்டுக் காசும், யார் வீட்டுக் கலியாணத்துக்கு எவ்வளவு எழுதுவது என்பதும் பேசப்படுகின்றன. இவர்கள் சண்டை பிடிப்பவர்கள் அல்லர். ஒருவரையொருவர் வெறுப்பவர்களும் அல்லர். ஆனால் ஒருவரையொருவர் அறியாதவர்களாகவே பத்து வருடம் கழிந்துவிடக்கூடும்.

நமது கரையில் இதைவிடக் கடினமான கதைகளும் உண்டு. வென்னப்புவப் பகுதியை வேடிக்கையாகக் ‘குட்டி இத்தாலி’ என்பார்கள். கணவன் மிலானில், மனைவி இங்கே. அல்லது மனைவி வளைகுடா நாடொன்றில் வேறொருவர் பிள்ளையைக் குளிப்பாட்ட, இங்கே அவள் பிள்ளையைப் பாட்டி குளிப்பாட்டுகிறாள். கலியாணமாகி ஆறு மாதத்தில் பிரிந்து, தொலைபேசித் திரையில் முகம் பார்த்து வாழும் தம்பதிகள் எத்தனை பேர்! அப்படிப் பிரியப் போகும் இருவர், போவதற்கு முன் நாலு நாள் சேர்ந்திருக்க விரும்பினால், அதை ஆடம்பரம் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

வேதாகமம் இதில் நமது வழக்கத்தைவிடத் தாராளமாக இருக்கிறது. இணைச்சட்டம் என்று இன்று அழைக்கப்படும் உபாகமத்தின் 24ஆம் அதிகாரத்தில் மோயீசன் ஒரு விதி விதிக்கிறார். புதிதாக மணமுடித்தவன் படைக்கும் போக வேண்டாம், பொதுவேலை எதுவும் அவன் தலையில் சுமத்தப்படவும் வேண்டாம். ஒரு முழு வருடம் வீட்டில் இருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்துவதே அவன் கடமை என்பது அதன் கருத்து. நாலு நாள் அல்ல, ஒரு வருடம்! எதிரிகளால் சூழப்பட்ட, ஆளுக்கு ஆள் தேவைப்பட்ட ஒரு சிறு சமூகம் இப்படிச் சட்டம் இயற்றியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மணமக்களின் மகிழ்ச்சியை அது சமூகத்தின் பொறுப்பாகக் கருதியது.

தொபித்து ஆகமமும் அப்படியே. இளைஞன் தொபியாஸ் வீட்டை விட்டுப் புறப்பட்டதே தகப்பனார் மலைநகரான ராகேசில் கொடுத்து வைத்த பணத்தை வாங்கி வரத்தான். வழியில் எக்பத்தானாவில் சாராவை மணமுடிக்கிறான். பெண்வீட்டார் பதினான்கு நாள் விருந்து வைக்கிறார்கள். பணம் வாங்கும் வேலை என்னவாயிற்று? ரபாயேல் அதிதூதரே மலைப்பாதையில் போய் அதை வாங்கி வருகிறார். மணமகன் மனைவியோடு இருக்கிறான். கணக்கு வழக்கைச் சம்மனசு பார்த்துக்கொள்ள, தம்பதி சேர்ந்திருப்பது என்பது எவ்வளவு அழகான ஏற்பாடு! ஊரில் தாய் அன்னாள் ஒவ்வொரு நாளும் வழியைப் பார்த்துப் பார்த்து அழுததையும் அந்த ஆகமம் மறைக்கவில்லை. நமது மாமியாரின் மௌனத்துக்கும் அதில் ஒரு இடம் இருக்கிறது.

இத்தாலியைப் பற்றிப் பேசினோம். நமது பிள்ளைகள் வேலைக்குப் போகும் அந்த மிலான் நகருக்கு அருகே மஜெந்தா என்ற ஊரில் 1922இல் பிறந்தவர் புனித ஜியன்னா பெரெற்றா மொல்லா. அவர் கன்னியர் மடத்துக்குப் போனவர் அல்லர், வைத்தியர். மெசெரோ என்ற சிற்றூரில் 1950இல் மருந்தகம் திறந்து ஏழைகளுக்கும் தாய்மாருக்கும் வைத்தியம் பார்த்தார். மலையேறுவதும் பனிச்சறுக்கும் அவருக்கு மிகப் பிரியம். 1955 செப்டெம்பர் 24ஆம் திகதி பொறியியலாளரான பியெத்ரோ மொல்லாவை மணந்தார். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். கணவர் தொழிற்சாலை வேலையாய் வெளிநாடு போகும்போதெல்லாம் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். நாலாவது பிள்ளையைச் சுமந்தபோது கருப்பையில் கட்டி கண்டது. பிள்ளையின் உயிரைக் காக்கும் சிகிச்சையையே அவர் தேர்ந்தார். 1962 ஏப்ரலில் மகள் பிறந்து ஒரு வாரத்தில், 28ஆம் திகதி, இறந்தார். 2004 மே 16ஆம் திகதி இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியபோது, கணவர் பியெத்ரோ முதியவராய் அந்த மக்கள் கூட்டத்தில் இருந்தார்.

ஜியன்னாவின் மரணத்தைப் பற்றி நமது மேடைகளில் அடிக்கடி பேசுகிறோம்; அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தத் தியாகம் ஒரே நாளில் வானத்திலிருந்து விழவில்லை. மருந்தகம், சமையல், பிள்ளைகள், பனிமலை, கணவரோடு சேர்ந்த செபம் எல்லாம் கலந்த ஆறரை வருட மணவாழ்வு அதற்கு முன்னால் இருந்தது. பட்டமளித்த பாப்பரசருக்கும் மலை புதிதல்ல. 1950களில் போலந்தில் இளங்குருவாய் இருந்தபோது மாணவர்களையும் இளந்தம்பதிகளையும் மலைக்கும் ஆற்றுக்கும் அழைத்துப் போவார். சிறு படகைக் கவிழ்த்து வைத்து அதையே பீடமாக்கிப் பூசை வைப்பார். படகைக் கவிழ்த்து வைப்பது என்னவென்று நமது சிலாபத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1960இல் அவர் காதலையும் பொறுப்பையும் பற்றி எழுதிய நூலில், அந்த இளையோரோடு நடந்து பேசிய பேச்சுக்களின் பயன் இருக்கிறது.

ஆகவே முதல் கேள்விக்கு எனது பதில் தெளிவு. போகலாம், போக வேண்டும். மணவாழ்வு என்ற தேவதிரவிய அனுமானம் பீடத்தின் முன் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடுவதில்லை. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நோக்கும் நேரம் அதற்கு விளக்கின் எண்ணெய் போன்றது.

செலவு? வட்டிக்கு வாங்கி மலையேறுவது புத்தியல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலு நாள் பயணத்துக்குக் கணக்குப் பார்க்கும் அதே வீட்டார், கலியாண மண்டபத்துக்கும் மேளதாளத்துக்கும் வீடியோவுக்கும் கணக்குப் பார்த்தார்களா? இப்போது ஒரு புதுமையும் வந்திருக்கிறது. கலியாணத்துக்கு முன்னமே வாடகைக் கோட்டும் நீண்ட கவுனும் அணிந்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் பிடித்துக்கொண்டு அன்று மாலையே திரும்பிவிடுகிறார்கள். மலையும் பார்க்கவில்லை, ஒருவரையொருவரும் பார்க்கவில்லை. இருவரும் பார்த்தது கமராவை. அந்தச் செலவில் மூன்று நாள் எளிய அறையொன்றில் தங்கி, கம்பளிச் சட்டையோடு குளிரில் நடந்திருக்கலாம்.

இனி மலைக்கு வருவோம். குருநாகலும் கண்டியும் கடந்து வண்டி ஏற ஏற, தென்னை மறைந்து காற்று மாறும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அதற்கு மேல் நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகால மலை 2,524 மீற்றர். ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்னும் இடத்தில் நிலம் திடீரென 870 மீற்றர் அளவுக்குக் கீழே விழுகிறது. உப்புக்காற்றில் வளர்ந்த இருவர் அங்கே விடியற்காலையில் கைகோத்து நின்றால், பேச்சு தானாக அடங்கும். அந்த மௌனமும் செபம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் வழியெல்லாம் கண்ணை நிறைப்பது காடல்ல, தேயிலை. சீவி வாரிவிட்டது போன்ற அந்தப் பச்சை, இயற்கை தந்த பச்சையல்ல. கை தந்த பச்சை. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக வைத்தார். 1869இல் கண்ட இலைநோய் கோப்பியை அழித்தபின் மலைகள் தேயிலையாக மாறின. கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் இறந்தவர்கள் பலர். அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அவர்களுடைய வழித்தோன்றல்கள் மீண்டும் நடந்தார்கள். நமது தம்பதி படம் பிடிக்கும் ‘காட்சி’ என்பது அந்த நடையின் முடிவில் உண்டானது.

இந்த இடத்தில் முன்னேஸ்வரத்து மக்களுக்கு ஒரு தனிப் பொறுப்பு இருப்பதாக நான் நினைக்கிறேன். ஏனெனில் நாம் பார்க்கப்படுகிறவர்கள். ஆவணித் திருவிழாக் காலத்தில் நாட்டின் நாலாபக்கத்திலிருந்தும் தமிழரும் சிங்களவரும் நமது ஊருக்கு வருகிறார்கள். இராமாயணத் தலங்களைப் பார்க்க இந்தியாவிலிருந்து வரும் பயணிகளும் முன்னேஸ்வரத்தில் இறங்கி, கோபுரத்தைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, சீதா எலியவைப் பார்க்க மலைநாட்டுக்கு ஏறுகிறார்கள். கோயிலைக் கும்பிட வருகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அயலவரின் பக்திக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் பஸ் யன்னலிலிருந்து பார்ப்பவருக்கு, கோபுரத்துக்கு அப்பால் கயிறு திரிக்கும் பெண்ணும், சந்தையிலிருந்து மீன் நாற்றத்தோடு சைக்கிளில் திரும்பும் மனிதனும் ‘ஊரின் அழகில்’ ஒரு பகுதி. நமக்குக் கடன் உண்டு, காய்ச்சல் உண்டு, கலியாணம் உண்டு என்பது அந்த யன்னலுக்குத் தெரியாது. பார்க்கப்படுவதன் கூச்சம் அறிந்தவன், தான் பார்க்கப் போகும்போது அதை மறக்கலாமா?

இனிமேல்தான் மறைந்து நின்ற கேள்வி வெளியே வருகிறது. பிறருடைய உழைப்பையே காட்சியாக வைத்துக்கொண்டு நாம் ஓய்வெடுப்பது தகுமா?

அந்தச் சரிவில் நிற்கும் பெண்ணின் நாள் காலைப் பெரட்டில் தொடங்குகிறது. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். குறித்த நிறை எடுக்காவிட்டால் அரைப்பேர்தான் விழும். ஒரு நாள் உழைப்பு அரை நாளாகிவிடும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்று பல வருடம் போராடி, 2021இல்தான் அது கிடைத்தது; 2024இல் 1,350 ரூபா என வர்த்தமானியில் வந்தது. அதற்குப் பின்னும் பேச்சு ஓயவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்படக் குடும்பங்கள் இரண்டாய்ப் பிரிந்தன. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முழு ஆறுதல் கிடைத்தது.

எனினும் இளந்தம்பதிகளைப் பற்றிய இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது லயத்தைப் பற்றியே. வெள்ளைக்காரர் காலத்து லயத்தில் ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. புதிய வீடுகள் கட்டப்பட்ட இடங்களும் உண்டு. ஆயினும் பழைய லயங்களில் வாழ்பவர்கள் இன்னும் பலர். அந்த ஒரு காம்பராவிலும் முன்வாசலிலும் பெற்றோர், பிள்ளைகள், புதிதாக மணமுடித்த மகன், மருமகள் எல்லோரும். நடுவில் தொங்கும் ஒரு சேலைதான் சுவர். நமது முன்னேஸ்வரத்துத் தம்பதி தனிமை தேடி அறையெடுத்துத் தங்க மலைக்கு வருகிறது. அந்த மலையையே உண்டாக்கியவர்களின் பிள்ளைகளான இன்னொரு தம்பதிக்குத் தனியே பேச இடமில்லை. கணவன் கொழும்புக் கடையொன்றில் வேலைக்குப் போய்விட்டால், தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நத்தாருக்கும்தான் சந்திப்பு. கணவனும் மனைவியும் சேர்ந்திருப்பது கடமை என்று மேலே எழுதினேன். அது கடமையானால் எல்லாத் தம்பதிக்கும் கடமை. நமக்கு மட்டும் கடமை, அவர்களுக்கு எட்டாக்கனி என்று இருக்க முடியாது.

இதற்குச் சிலர் சொல்லும் பதில், ‘அப்படியானால் போகாதே’ என்பது. இது பார்வைக்குப் புனிதமாக இருக்கிறது. ஆனால் இதனால் லயத்தில் ஒரு சேலை கூடச் சுவராக மாறப்போவதில்லை. வீட்டில் இருந்து அவர்கள் பறித்த கொழுந்தில் தேனீர் குடிப்பவனும் அதே உறவில்தான் இருக்கிறான். பார்க்காமல் குடிக்கிறான் என்பது மட்டுமே வேறுபாடு. வேறு சிலர் பழைய உடுப்பு மூட்டையும் பிஸ்கட் பெட்டியும் கொண்டு போய், லயத்துப் பிள்ளைகளை வரிசையாய் நிறுத்திக் கொடுத்து, அதையும் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்தப் படத்தில் யார் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள். கொடுப்பது தவறல்ல, கொடுப்பவன் கையிலும் கமரா இருப்பதுதான் உறுத்துகிறது.

எனக்குத் தோன்றும் வழி நமது கரையின் பழக்கமொன்றிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் கடலுக்குப் போகாதிருப்பது நமது கத்தோலிக்க மீனவரின் பழைய வழக்கம். பலநாட் படகுகள் வந்த பின் அது தளர்ந்திருக்கிறது, ஆயினும் மறையவில்லை. அந்த வழக்கம் எப்படி நின்றது என்று யோசித்தால் ஓர் உண்மை புலப்படும். எல்லாரும் கரையில் இருக்க ஒருவன் மட்டும் வலை கொண்டு போனால், திங்கட்கிழமைச் சந்தையில் அவன் மீனுக்கு இரட்டை விலை. அதைக் கண்ட அயலவன் அடுத்த ஞாயிறு போவான். மூன்றாவது ஞாயிறு யாரும் கரையில் இருக்க மாட்டார்கள். ஆகவே ஓய்வு என்பது தனியொருவன் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பொருளல்ல. எல்லாரும் சேர்ந்து பிடித்தால் நிற்கும். ஒருவர் விட்டால் எல்லார் கையிலிருந்தும் நழுவும்.

உபாகமத்தின் 5ஆம் அதிகாரம் ஓய்வுநாளைப் பற்றிச் சொல்லும்போது இதே நுட்பத்தைக் காணலாம். வீட்டுத் தலைவன் மட்டுமல்ல, அவனுடைய வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, வீட்டில் தங்கும் அந்நியன் எல்லாரும் அவனைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது; காரணமாக எகிப்தில் அவர்கள் பட்ட அடிமைத்தனத்தை நினைவூட்டுகிறது. 1891இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் ஞாயிறு ஓய்வைத் தொழிலாளரின் உரிமையாகக் கேட்டார். முதலாளியின் தயவாக அதை அவர் எழுதவில்லை.

எனவே நமது தம்பதி மலையில் என்ன செய்வது? பெரிய காரியம் ஒன்றும் நான் சொல்லப் போவதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கேளாமல் படம் பிடிக்க வேண்டாம். நமது மனைவியை அப்படி ஒருவன் பிடித்தால் நமக்கு எப்படி இருக்கும்? விடுதியில் கோப்பை கொண்டுவரும் பையன் அநேகமாக ஒரு தோட்டத்துப் பிள்ளை. ‘டேய்’ என்று அழைக்காமல் தம்பி என்று அழைத்து, எந்தத் தோட்டம் என்று கேட்டால், அவன் முகம் மாறுவதைக் காணலாம். நுவரெலியாப் புனித சவேரியார் ஆலயத்திலோ, அயலிலுள்ள தோட்டத்துச் சிற்றாலயம் ஒன்றிலோ ஞாயிறு பூசை காணலாம். பயணத்தில் இருக்கிறோம் என்று பூசையை விட்டுவிடுவோர் ஒரு நல்ல சந்தர்ப்பத்தை இழக்கிறார்கள். தோட்டத்துச் சிற்றாலயத்தில் அவர்கள் ‘டூரிஸ்ட்’ அல்லர். சமாதானம் சொல்லிக்கொள்ளும்போது கைகூப்பி நிற்கும் எதிர் முகம் காட்சியல்ல, ஒரே அப்பத்தை உண்ணும் சகோதரி. பூசை முடிந்து முற்றத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மழை எப்படி என்று பேச்சு வளரும். தமிழ் ஒன்றுதானே.

சுவிசேஷத்தில் மலைநாட்டுக்குப் போன இளம்பெண் ஒருத்தி இருக்கிறாள். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் தேவமாதா யூதேயாவின் மலைநாட்டுக்கு விரைந்து போகிறார். அங்கே மலை எப்படி இருந்தது என்று லூக்கா ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதியிருப்பதெல்லாம் வாசலில் கேட்ட வாழ்த்தும், எலிசபெத்தம்மாளின் முகமும், மூன்று மாதம் தங்கியதும்தான். நமது புத்தளம் கரையிலிருந்தும் ஒருவர் மலைக்கு ஏறினார். கோவாவிலிருந்து வந்த புனித யோசவ் வாஸ் அடிகள் புத்தளத்தில் தங்கியிருந்து, 1692இல் கண்டிக்குப் போய், ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையில் அடைபட்டார். விடுதலையான பின்னும் கண்டியையே இருப்பிடமாக்கி 1711இல் அங்கேயே மரித்தார். அவரும் அங்கே ஆட்களைத் தேடித்தான் போனார்.

அந்த மலையும் நமது கரையும் வேறு வேறு உலகம் என்ற எண்ணமும் பிழை. நமது ஊருக்கு அருகே கடலில் விழும் தெதுரு ஓயா மத்திய மலைநாட்டின் சரிவுகளில் பிறந்து 142 கிலோமீற்றர் ஓடி வருகிறது. 2025 நவம்பர் கடைசியில் ‘டித்வா’ புயல் மழை கொட்டியபோது, மலையில் மண் சரிந்து லயங்களும் வீடுகளும் புதைந்தன. கீழே தெதுரு ஓயா பெருகிச் சிலாபத்து வீடுகளில் வெள்ளம் புகுந்தது. கூரைமேல் ஏறி நின்றவர்களும் மண்ணைத் தோண்டியவர்களும் அந்த நாட்களில் ஒரே மழையில் நனைந்தார்கள்.

தலவில் திருநாளுக்கு மலையகத்திலிருந்தும் குடும்பங்கள் பஸ் பிடித்து வருகின்றன. கடலைக் கண்டதும் பிள்ளைகள் ஓடிப்போய்க் காலை நனைப்பார்கள்; பெரியவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நின்று பார்ப்பார்கள். தோட்டத்துச் சிற்றாலய முற்றத்தில் பேச்சு முடிந்து விடைபெறும் நேரத்தில், நமது முன்னேஸ்வரத்து மருமகள் அந்தப் பெண்ணிடம் ஒரு கடதாசித் துண்டில் விலாசத்தை எழுதிக் கொடுத்து, “ஆடி மாசம் அன்னம்மாள் திருநாளுக்கு வந்தா, சிலாபம் வழியா வாங்க அக்கா. அண்ணனையும் கூட்டிட்டு வாங்க. எங்க வீட்டில் ஒரு அறை இருக்கு” என்று சொல்ல முடியும். அதற்கு வீட்டில் மாமியின் சம்மதம் வேண்டும் என்பது உண்மைதான். அதைப் புறப்படும் முன்னரே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.